பழைய வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்? ரேம் பார்ப்பதிலிருந்து தமிழ் தட்டச்சு வரை

"அண்ணா, என்ட பழைய லப்டொப்புக்கு எந்த லினக்ஸ் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்; பல வகையாக வருகிறது.) "ரேம் எத்தனை ஜிபி தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல்தான் அநேகம் பேர் வருகிறார்கள். யூடியூபில் பார்த்த அழகான ஒன்றை இறக்கி, போட்டு, அது ஊர்ந்து ஓடுவதைக் கண்டு, "லினக்ஸ் சரிவராது" என்று முடிவு கட்டியும் விடுகிறார்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சிப் வேண்டும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் நிலாவெளிப் பக்கமும் நான் பார்க்கிற வீட்டுக் கணினிகள் பலவற்றில் இரண்டுமே இல்லை. திருகோணமலையில் இப்படிப்பட்ட கணினிகளோடு மல்லுக்கட்டியதிலும், புதிதாகச் செய்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்ததிலும் தெரிந்துகொண்ட ஒழுங்கு இது. படிகளை மாற்றிச் செய்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று; அதிலுள்ளதெல்லாம் அழியும். படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஆண்ட்ராய்டு போனும் அதன் யூஎஸ்பி வயரும். ஏன் என்று எட்டாம் படியில் தெரியும். லப்டொப் என்றால் சார்ஜர், டெஸ்க்டொப் என்றால் முடிந்தால் யூபிஎஸ். அப்புறம் ஒரு கொப்பியும் பேனாவும். சிரிக்க வேண்டாம், இரண்டாம் படியிலேயே தேவைப்படும்.

1. யார் பாவிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்

கணினிக்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற மாமா பேப்பர் வாசிக்கவும் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு கதைக்கவும் பாவிப்பதென்றால் வேலை சுலபம். உயர்தரம் படிக்கிற பிள்ளை சூம் வகுப்பு பார்க்கவும் பிடிஎஃப் பாடக்குறிப்பு படிக்கவும் என்றாலும் பரவாயில்லை. ரீச்சர் ஒருவர் வினாத்தாள் தட்டச்சு செய்வதற்கு என்றால் தமிழ் எழுத்துரு பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

சிக்கல் வரும் இடங்களை முதலே கேட்டுவிடுங்கள். கடைக் கணக்கு மென்பொருள், போட்டோஷொப், விண்டோஸுக்கு மட்டும் வந்த விளையாட்டு, கைரேகைக் கருவி: இவற்றில் ஒன்று கட்டாயம் என்றால் விண்டோஸை முழுதாக அழிக்கக் கூடாது. லினக்ஸ் போட்ட பிறகு "அந்தக் கணக்குப் புரோகிராம் எங்கே தம்பி?" என்று கேட்கும்போது சொல்ல விடை இருக்காது.

பிரிண்டர் இருந்தால் அதன் மாடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஓபன்பிரிண்டிங் தளத்தில் தேடிப் பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பலவற்றுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு லினக்ஸில் இருக்கிறது, பிரச்சினை குறைவு. பழைய மலிவு விலை லேசர் பிரிண்டர்கள் சிலவற்றை இயக்குவது பெரிய தலையிடி. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வினாத்தாள் அடிக்க வேண்டிய இரவில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

2. கணினியின் விபரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

கொப்பியில் நான்கு விடயம் எழுத வேண்டும்: ரேம் அளவு, சிப்பின் பெயர், டிஸ்க்கின் வகையும் அளவும், கணினியின் மாடல்.

விண்டோஸ் 10 ஓடுகிறதென்றால் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெமரி என்ற இடத்தில் ரேம் எவ்வளவு, எத்தனை துளையில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். "1 ஒஃப் 2" என்று இருந்தால் மகிழ்ச்சிப்படுங்கள்; கழற்றாமல் இன்னொரு ரேம் சேர்க்க இடம் இருக்கிறது. விண்டோஸே எழும்பவில்லை என்றால் பின்னட்டையில் உள்ள மாடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடுங்கள்.

இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். சிஸ்டம் பக்கத்தில் "32 பிட் ஒபரேட்டிங் சிஸ்டம்" என்று இருப்பதைப் பார்த்து, கணினியே 32 பிட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். (32 பிட் பழைய வகைச் சிப், 64 பிட் அதற்குப் பிந்திய வகை.) அது போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றிய செய்தி. அதே வரியில் "எக்ஸ்64 அடிப்படையிலான புரொசெசர்" என்றும் இருந்தால் சிப் 64 பிட்தான். அந்தக் காலத்தில் 2 ஜிபி ரேம் உள்ள கணினிகளுக்குக் கடைக்காரர்கள் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுப்பது வழக்கம், அவ்வளவுதான். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட். உண்மையான 32 பிட் சிப் என்றால் பெரும்பாலும் ஏட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குகள், அல்லது அதைவிடப் பழைய பென்டியம் 4களில் ஒரு பகுதி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 32 பிட்டுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. பல லினக்ஸ்களுக்கு அடிப்படையான டெபியனின், 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கான இன்ஸ்டோலர் இல்லை. 64 பிட் கணினியை 32 பிட் என்று நினைத்தால் நல்ல தெரிவுகளை நீங்களாகவே கைவிடுகிறீர்கள்.

கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். கணினியைப் போடும் ஒவ்வொரு தடவையும் திகதி பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்துவிட்டது. திகதி பிழையாக இருந்தால் பிரவுசர் "பாதுகாப்பற்ற தளம்" என்று சொல்லி ஒரு பக்கத்தையும் திறக்காது. சாம்பல்தீவில் ஒரு வீட்டில் இதைத் தெரியாமல் இரண்டு விதமான லினக்ஸ் மாற்றிப் போட்டிருந்தார்கள். குற்றவாளி அந்தப் பொத்தான் பற்றரி.

3. கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் எஸ்எஸ்டி

பழைய கணினியை மெதுவாக்குவதில் முதல் ஆள் சுழலும் ஹார்ட் டிஸ்க். இரண்டாவது ஆள் பிரவுசர். லினக்ஸின் வகை மூன்றாவதுதான். பாரம் குறைந்த லினக்ஸ் ஒன்றைத் தேடி ஒரு வாரம் அலைவதைவிட, 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். சுழலும் 2.5 அங்குல டிஸ்க் உள்ள லப்டொப்பில் அதைக் கழற்றிய இடத்திலேயே எஸ்எஸ்டி பொருந்தும்.

ரேம் வாங்கும்போது வகையைப் பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டே வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3இலும் ஒரு பொறி இருக்கிறது: இன்டெல் 4ஆம் தலைமுறை தொடக்கம் வந்த லப்டொப்கள் பலவற்றுக்கு 1.35 வோல்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 அதே துளையில் உட்காரும், ஆனால் கணினி எழும்பாது. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே புத்தி.

எஸ்எஸ்டி வாங்க வசதி இல்லையென்றால் இருக்கும் டிஸ்க்கின் உடல்நிலையையாவது பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். "கோஷன்" அல்லது "பேட்" என்று காட்டினால் அந்த டிஸ்க்கில் எதையும் போட்டுப் பாடுபட வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு விடயம்: கடற்காற்று. திருக்கடலூர், உப்புவெளி போன்ற கரையோர வீடுகளில் ரேமின் பித்தளை நிறக் கால்கள் கறுத்துப் போயிருக்கும். அதனால் கணினி திடீரென்று உறைந்து நிற்கும், சிலநேரம் எழும்பாமல் பீப் அடிக்கும். மின்சாரத்தைக் கழற்றி, லப்டொப் என்றால் பற்றரியையும் எடுத்து, ரேமை வெளியே எடுத்து, பென்சில் அழிறப்பரால் அந்தக் கால்களை மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கூடவே காற்றாடியில் அடைத்த தூசியையும் எடுத்துவிடுங்கள். சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு எந்த லினக்ஸும் மருந்தல்ல.

4. இப்போது தெரிவு

கொப்பியைத் திறந்து ரேமைப் பாருங்கள்.

64 பிட் சிப்பும் 4 ஜிபி ரேமும் இருந்தால்: லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த முகப்புள்ள பதிப்பு. புதியவருக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை. மெனு விண்டோஸில் இருந்த அதே இடது மூலையில் இருக்கிறது. அம்மாவுக்குக் கூட ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அப்டேட், டிரைவர், மீட்புப் பிரதி ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்திச் செய்யும் கருவி இருக்கிறது. மின்ட்டின் 22ஆம் வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதாவது போட்டுக் கொடுத்துவிட்டுச் சில வருடம் நிம்மதியாக இருக்கலாம். மின்ட் தளம் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் என்றும், வசதியாகப் பாவிக்க 4 ஜிபி என்றும் சொல்கிறது. இரண்டாவது கணக்கையே நம்புங்கள்.

8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால்: மின்ட்டின் சினமன் பதிப்பு. பார்வைக்கு அழகு, வசதிகள் கூட. இரண்டுக்கும் நடுவில் நிற்பது மேட் பதிப்பு. அதில் குறை இல்லை. ஆனால் மூன்றையும் ஒப்பிட்டுக் குழம்புவதைவிட இரண்டில் ஒன்றை எடுப்பது நல்லது.

64 பிட் சிப், ஆனால் 2 ஜிபி ரேம்தான், கூட்டவும் வழியில்லை என்றால்: லுபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்பு. எல்எக்ஸ்கியூடி என்ற பாரம் குறைந்த முகப்பு. லுபுண்டு 24.04க்கு ஆதரவு மூன்று வருடம்தான், 2027 ஏப்ரல் வரை; மின்ட் அளவு நீளமில்லை. இதில் ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப் வடிவில் (தேவையானதெல்லாம் உள்ளே கட்டிய பொதியாக) வருவதால் சுழலும் டிஸ்க்கில் முதல் தடவை திறக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்தக் கணினியில் பிரவுசரில் இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் திறக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் முதலே சொல்லிவிடுங்கள். எந்த லினக்ஸ் போட்டாலும் யூடியூபும் பேஸ்புக்கும் கேட்கிற ரேம் குறையப் போவதில்லை.

1 ஜிபி அல்லது 32 பிட் என்றால்: ஆன்டிஎக்ஸ் 23. அது டெபியன் 12இன் மேல் நிற்கிறது. 32 பிட் பதிப்பும் உண்டு. தட்டச்சு, பாட்டு, பிடிஎஃப், சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கம்: இவ்வளவுக்கு ஓடும். ஆனால் முகப்பு பழகிய மாதிரி இருக்காது, புதியவர் திண்டாடுவார். உண்மையைச் சொன்னால், இந்த நிலையில் உள்ள கணினிக்கு நான் நேரம் செலவழிப்பது குறைவு. யாராவது ஒதுக்கிப் போட்ட கோர் ஐ3 லப்டொப் ஒன்று கிடைக்குமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பது பயன்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். "காலி" என்ற பெயருடைய லினக்ஸ் பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது. ஹக்கிங் ஆசையில் அதை வீட்டுக் கணினியில் போட்டு, பிரிண்டர்கூட வேலை செய்யாமல் என்னிடம் வந்த தம்பிமார் உண்டு. ஆர்ச் என்ற லினக்ஸ் கற்றுக்கொள்ள நல்லது, மாமாவின் லப்டொப்புக்கு அல்ல. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு ஒன்பது மாதம் மட்டுமே. எல்டிஎஸ் என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவின் மூலப் பதிப்பு நல்லதுதான், ஆனால் அதன் க்னோம் முகப்பு 4 ஜிபி ரேமுக்குப் பாரம்.

5. இருப்பதை எடுத்து வையுங்கள்

"டொக்கியுமென்ட்ஸ் போல்டரைக் கொப்பி பண்ணிட்டன் அண்ணா" என்பார்கள். கலியாணப் படம் டெஸ்க்டொப்பிலும், வங்கிக் கடிதம் டவுன்லோட்ஸிலும், பிள்ளையின் செயற்றிட்டம் டி டிரைவிலும் கிடக்கும். ஆகவே பயனர் பெயரில் உள்ள போல்டர் முழுவதையும் எடுங்கள். மற்ற டிரைவ்களையும் திறந்து பாருங்கள்.

பலர் மறக்கும் இன்னொன்று எழுத்துருக்கள். சி டிரைவின் விண்டோஸ் போல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருக்கும். அதிலிருந்து பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி செய்யுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களையும் புக்மார்க்குகளையும் மறக்க வேண்டாம்.

எடுத்து முடிந்ததும் அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். கொப்பி ஆனது போலத் தோன்றிப் பாதியில் நின்ற படங்களை நான் கண்டிருக்கிறேன். அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். ஒன்பதாம் படி முடியும் வரை அது இந்தக் கணினிக்குக் கிட்ட வரக் கூடாது.

6. இறக்குங்கள், சரிபாருங்கள்

மின்ட்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்துக்கு வையுங்கள். இடையில் லைன் அறுந்தால் தொடர வசதியாக, மின்ட் தளத்திலேயே உள்ள டொரன்ட் கோப்பைப் பாவிக்கலாம். இறக்குவது அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும். வட்ஸ்அப் குழுவில் வரும் "ஸ்பெஷல் எடிஷன்" எதையும் தொட வேண்டாம்.

இறங்கிய கோப்புக்கு எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் ஒன்று தளத்தில் இருக்கும். பென் டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளில் கோப்பைத் தெரிவு செய்ததும் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை அழுத்தினால் உங்களிடம் உள்ள கோப்பின் எண்ணைக் காட்டும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்தால் கோப்பு பழுதில்லாமல் இறங்கியிருக்கிறது. இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால், பாதியில் நிற்கும் இன்ஸ்டோலுக்குக் காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

7. பென் டிரைவில் எழுதுங்கள்

இறங்கிய ஐஎஸ்ஓ கோப்பை (முழு லினக்ஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பென் டிரைவில் சும்மா கொப்பி செய்து, "பூட் ஆகுதில்லை" என்பதே மிகப் பொதுவான பிழை. கொப்பி செய்வது வேறு, எழுதுவது வேறு. கணினி எழும்பும்போது வாசிக்கக்கூடிய அமைப்பைப் பென் டிரைவில் உண்டாக்க வேண்டும். அந்த வேலையைத்தான் ரூஃபஸ் செய்கிறது. பலேனா எட்சர் என்ற மென்பொருளும் செய்யும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு தெரிவு. 2011க்கு முந்திய கணினி என்றால் எம்பிஆர். அதற்குப் பிந்திய, யூஇஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதிலாகக் கணினியை எழுப்பும் முறை) உள்ள கணினி என்றால் ஜிபிடி. ஒன்றில் எழும்பாவிட்டால் மற்றதில் எழுதிப் பார்க்கலாம், நட்டமில்லை.

8. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி, கணினியைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசூஸ் லப்டொப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் சிலவற்றில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டும். பென் டிரைவின் பெயர் தெரிந்தால் அதை எடுங்கள்.

டெஸ்க்டொப் வந்துவிடும். இன்னும் உங்கள் டிஸ்க்கில் ஒன்றும் மாறவில்லை. முழுப் படிகளிலும் மிக முக்கியமான அரை மணி நேரம் இதுதான். ஆட்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். என்ன பார்க்க வேண்டும்? வைஃபை பிடிக்கிறதா, பாட்டுச் சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கமெரா வேலை செய்கிறதா. மூடியை மூடி உறங்க வைத்துத் திறந்தால் எழும்புகிறதா. யூடியூபில் ஒரு காணொளியை 480பியில் ஓட்டி, தடக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தையும் திறந்து எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று கவனியுங்கள்.

மெனு திறக்கத் தாமதமானால் கவலைப்பட வேண்டாம், அது பென் டிரைவின் வேகம். எழும்பும்போது திரை கறுப்பாகவே நின்றால், மீண்டும் போட்டு, முதல் பட்டியலில் "கொம்பட்டிபிலிட்டி மோட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

வைஃபை பிடிக்கவில்லையா? பழைய லப்டொப்களில் பிரோட்கொம் சிப் உள்ளவற்றுக்கு டிரைவர் தனியாக வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்! இந்த இடத்தில்தான் போன். அதை யூஎஸ்பி வயரால் கணினியில் மாட்டி, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். போன் வீட்டு ரவுட்டரோடு இணைந்திருந்தால் சிம் டேட்டாவும் செலவாகாது. அப்புறம் டிரைவர் மனேஜரைத் திறந்தால் உரிய டிரைவரைக் காட்டும்.

இந்தச் சோதனையில் ஏதாவது பெரிதாகத் தோற்றால், பென் டிரைவைக் கழற்றிவிட்டு நான்காம் படிக்குத் திரும்பி வேறொன்றை எழுதிப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் அப்படியே இருக்கிறது.

9. நிறுவுங்கள்

கரண்ட் நிலைமையைப் பாருங்கள். மார்கழி மழைக்குள், மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸும் இருக்காது, லினக்ஸும் இருக்காது. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருந்தாலும் சார்ஜரில் மாட்டியே செய்யுங்கள்.

வெளி டிஸ்க் கழற்றியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்ற தெரிவில் எந்த டிஸ்க் என்று கவனிக்காமல், எடுத்து வைத்த படங்கள் இருந்த வெளி டிஸ்க்கையே அழித்தவரை எனக்குத் தெரியும். பத்து வருடப் படங்கள்.

இன்ஸ்டோலர் கேட்பவற்றில் பெரும்பாலானவை சுலபம். விசைப்பலகைக்கு ஆங்கிலம் யூஎஸ். தமிழை இங்கே தெரிவு செய்தால் பாஸ்வேர்ட் அடிக்கும்போதே குழம்பிவிடுவீர்கள். மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற கட்டத்தில் சரி போடுங்கள். இல்லையென்றால் சில காணொளிகள் ஓடாது. நேர வலயம் கொழும்பு.

விண்டோஸை வைத்திருப்பதா? முதல் படியில் கட்டாயத் தேவை எதுவும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். 120 ஜிபி டிஸ்க்கில் இரண்டையும் நெருக்கி வைத்தால் இரண்டும் மூச்சுத் திணறும். வைத்திருப்பதென்றால் "பக்கத்தில் நிறுவு" என்ற தெரிவு. ஆனால் அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டும். அது ஓடினால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத விடாது. பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை உரியவரே அடிக்கட்டும். நீங்கள் அடித்துவிட்டு வந்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உங்களுக்குத்தான் போன் வரும். முகப்புப் போல்டரைக் குறியாக்கம் செய்யும் தெரிவை முதல் தடவை தொட வேண்டாம். பாஸ்வேர்ட் மறந்தால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

10. முதல் நாள் வேலைகள், இதே வரிசையில்

முதலில் டைம்ஷிஃப்ட். இது சிஸ்டத்தின் மீட்புப் பிரதியை எடுத்து வைக்கும். அப்டேட்டுக்கு முன்னால் ஒன்று எடுத்தால், அப்டேட்டில் ஏதாவது குழம்பினாலும் பின்னால் போகலாம். நாளுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு வைத்தால் போதும்; கூட வைத்தால் சிறிய டிஸ்க் நிரம்பிவிடும். உங்கள் படங்களை இது காப்பாற்றாது. அதற்கு அலுமாரியில் உள்ள டிஸ்க்தான்.

இரண்டாவது, சொப்ட்வெயார் சோர்சஸைத் திறந்து மிரர்களின் (அப்டேட் இறங்கும் இடங்களின்) பட்டியலுக்குப் போங்கள். அது ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்து காட்டும். நம் லைனுக்கு வேகமாக வருவதை எடுங்கள். அப்புறம் அப்டேட். முதல் அப்டேட் பெரிதாக இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் டிரைவர் மனேஜர், பிறகு ரீஸ்டார்ட்.

மூன்றாவது தமிழ். மின்ட்டில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு பொதிகளை நிறுவி, இன்புட் மெதட் கருவியில் ஐபஸைத் தெரிவு செய்து, ஒருமுறை லொக்அவுட் ஆகி வாருங்கள். லொக்அவுட் ஆகாமல் "தமிழ் வருகுதில்லை" என்பவர்கள் நிறைய. அதன்பின் ஐபஸின் அமைப்பில் தமிழைச் சேர்க்கலாம். தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் இருக்கும். நம் நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்களுக்கு அதுவும் அதே பட்டியலில் தனியாக இருக்கிறது. மாற்றி மாற்றி அடிக்க விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

பழைய வினாத்தாளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குவிந்து கிடக்கிறதா? கோப்பு பழுதாகவில்லை. அது பாமினியில் அடித்தது, யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாததால் அடியில் உள்ள ஆங்கில எழுத்து தெரிகிறது. ஐந்தாம் படியில் எடுத்து வைத்த எழுத்துருவை முகப்புப் போல்டரில் ".ஃபொன்ட்ஸ்" என்ற போல்டரை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் உண்டாக்கி அதற்குள் போடுங்கள். பெயரின் முன்னால் புள்ளி இருப்பதால் அது மறைந்திருக்கும்; கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும். பிறகு லிப்ரெஓபிஸை மூடித் திறந்தால் எழுத்து வந்துவிடும். இங்கே பெயர் போன ஒரு ரீச்சர், இருபது வருட வினாத்தாள் போய்விட்டதென்று கண்கலங்கி நின்றதைப் பார்த்ததிலிருந்து, இதைச் செய்து காட்டாமல் யார் வீட்டிலிருந்தும் நான் வெளிக்கிடுவதில்லை.

கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் அச்சடிப்பதென்றால் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கொடுங்கள். அங்கே வேர்டில் திறந்தால் எழுத்துரு மாறி வரி குலையும். பிடிஎஃபில் அந்தப் பிரச்சினை வராது.

நான்காவது, 4 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள கணினிகளுக்கு இரண்டு சின்னத் திருத்தம். எக்ஸ்எஃப்சிஇயில் வின்டோ மனேஜர் ட்வீக்ஸுக்குள் கொம்பொசிட்டரை நிறுத்திப் பாருங்கள். நிழலும் மினுக்கமும் போகும், பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு மூச்சு வரும். காணொளியில் கிழிசல் போலக் கோடு தெரிந்தால் மறுபடி போட்டுவிடுங்கள். இசட்ரேம் பொதி ஒன்றையும் நிறுவுங்கள். ரேமில் இருப்பதைச் சுருக்கி வைப்பதால் இன்னும் இரண்டு பக்கம் கூடத் திறக்கலாம். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் ஒன்று, யூபிளொக் ஒரிஜின் மாதிரி. பழைய கணினிக்கு விளம்பரங்களும் ஒரு பாரம்தான்.

கடைசியாக, பாவிக்கப் போகிறவரைக் கதிரையில் இருத்துங்கள். மவுஸை நீங்கள் தொடாமல், அவர் தானாகவே ஒரு படத்தைப் பென் டிரைவுக்குக் கொப்பி செய்யட்டும், ஒரு கடிதத்தை அச்சடிக்கட்டும், கணினியை அணைக்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அதற்கான ஐகனைக் கீழ்ப் பட்டையில் வைத்துக் கொடுங்கள். என் மாமா தேடியது ஒன்றே ஒன்றுதான்: "சீட்டு விளையாட்டு எங்கே தம்பி?" அதையும் நிறுவி, பென் டிரைவில் "மின்ட்" என்று பிளாஸ்டர் ஒட்டி எழுதி, கொப்பியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.